தெரியாத டிஸ்க்கும் செத்த டிஸ்க்கும்

கணினிக் கடைகளில் கொஞ்ச நேரம் நின்றிருப்பவர்கள் கேட்டிருக்கக்கூடிய தீர்ப்பு இது: "டிடெக்ட் ஆகலை, டிஸ்க் டெட்." ஒரே மூச்சில் சொல்லப்படுவதால் இரண்டும் ஒரே செய்தி போலக் காதில் விழுகிறது. முதல் பாதி கண்ணால் கண்டது. இரண்டாம் பாதி அதிலிருந்து அவசரமாக எடுத்த முடிவு. இரண்டுக்கும் நடுவே சோதித்துப் பார்க்க வேண்டிய இடங்கள் பல இருக்கின்றன. அவற்றைக் கடக்காமலே சொல்லப்படும் அந்த இரண்டாம் பாதியால் ஒரு குடும்பத்தின், சில வேளைகளில் ஓர் ஊரின், பல ஆண்டுச் சேமிப்பு குப்பைக்குப் போய்விடக்கூடும் என்பது எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. கடந்த வைகாசியில் குடியாத்தத்திலிருந்து என் வீட்டுக்கு வந்த ஒரு புதுக் கணினி, இதை எழுதியே தீர வேண்டும் என்ற இடத்துக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டது.

குடியாத்தத்தில் என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, வைகாசி முதல் நாளில் நடக்கும் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் என்று அந்த ஊரில் நடந்தவற்றில் அவருடைய கேமரா பார்க்காதது குறைவு. அந்தப் படங்களெல்லாம் 4 டெராபைட் கொள்ளளவுள்ள ஒரே ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. சிறிய ஊரில் ஸ்டுடியோ நடத்துபவர்களின் வரவு செலவை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. 4கே வீடியோ கேட்பவர்கள் பெருகிவிட்டதால் பழைய கணினி ஈடுகொடுக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவில் பாகங்களை வாங்கிவந்து, வேலூரில் ஒரு கடையில் கொடுத்து அசெம்பிள் செய்யச் சொன்னார். விண்டோஸுக்கு ஒன்று, எடிட்டிங்குக்கு ஒன்று என இரண்டு எம்.2 என்விஎம்இ எஸ்எஸ்டிகள் (கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டில் நேராகச் செருகப்படும், சுழலும் தட்டு இல்லாத சேமிப்பான்கள்), ஒரு கனமான கிராபிக்ஸ் கார்டு, அவற்றோடு பழைய கணினியிலிருந்து கழற்றிய அந்த ஹார்டு டிஸ்க். கணினி ஓடியது, விண்டோஸ் ஏறியது, ஹார்டு டிஸ்க் மட்டும் எங்கும் தெரியவில்லை. கழற்றும்போது அடிபட்டிருக்கும், டிஸ்க் டெட், சென்னைக்கு டேட்டா ரெக்கவரிக்கு அனுப்பிப் பாருங்கள், நிறையச் செலவாகும், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று கடையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதே வாரத்தில் லுங்கி நெசவு செய்யும் ஒருவர் ஸ்டுடியோவுக்கு வந்திருக்கிறார். அவருடைய தந்தை காலமாகிவிட்டார். கருமாதிக்கு மாலை போட்டு வைக்கப் பெரிய படம் ஒன்று வேண்டும். தந்தை தனியாக நின்று எடுத்துக்கொண்ட படம் வீட்டில் இல்லை. பேத்தியின் திருமணத்தில் மணமேடையின் ஓரமாக அவர் நின்றிருந்ததை அண்ணன் எடுத்தது இவருக்கு நினைவிருக்கிறது. அதிலிருந்து முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். அண்ணனால் இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல வாய் வரவில்லை. பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு காட்பாடியில் உள்ள என் வீட்டுக்கு வந்துவிட்டார். "பாப்பா, இதுக்கு உயிர் இருக்குதா இல்லியான்னு மட்டும் பாத்து சொல்லு. அப்பால இன்னா பண்றதுன்னு யோசிக்கலாம்" என்றார்.

சுழல்கிறது, பேசவில்லை

ஒரு ஹார்டு டிஸ்க் திரையில் டி டிரைவ் என்று தோன்றுவதற்குள் சில கட்டங்களைத் தாண்ட வேண்டியிருக்கிறது. முதலில் மின்சாரம் வர வேண்டும். டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா என்ற முறையில், 15 முனைகள் கொண்ட பவர் இணைப்பின் வழியே 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் வருகின்றன. மேசைக் கணினிக்கான 3.5 அங்குல டிஸ்க்கில் 12 வோல்ட் மோட்டாரைச் சுழற்றுகிறது, 5 வோல்ட் அதன் அடியில் உள்ள மின்னணுப் பலகையை இயக்குகிறது. அடுத்து, 7 முனைகள் கொண்ட டேட்டா கேபிளின் வழியே டிஸ்க்கும் மதர்போர்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டு, எந்த வேகத்தில் பேசுவது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் ஓடத் தொடங்கும் அடிப்படை மென்பொருள், டிஸ்க்கிடம் மாடல் பெயரையும் கொள்ளளவையும் கேட்டு வாங்க வேண்டும். இவையெல்லாம் முடிந்த பிறகுதான் விண்டோஸ் வந்து, டிஸ்க் எப்படிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பார்ட்டிஷன் விவரத்தைப் படித்து, ஓர் எழுத்தை ஒதுக்குகிறது. எந்தக் கட்டத்தில் தடைபட்டாலும் பயன்படுத்துபவர் காண்பது ஒன்றே: டிஸ்க்கைக் காணோம். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதே இதில் உள்ள முழு வேலை.

கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி, கணினியை ஆன் செய்து, டிஸ்க்கின் மேல் விரல்களை வைத்தேன். மெல்லிய அதிர்வு ஒன்று எழுந்து சீரானது. மோட்டார் வேகம் பிடித்துவிட்டது என்பதற்கு அதுவே போதுமான சான்று. படிக்கும் தலை பழுதான டிஸ்க்குகளில் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்பக் கேட்கும் "டிக், டிக்" என்ற ஓசை இல்லை. கருகிய வாடை இல்லை. சுழல்கிற, அமைதியாக ஓடுகிற, இளஞ்சூடாக இருக்கிற ஒரு டிஸ்க்கைச் செத்துவிட்டது என்று சொல்வதற்கு முன் இன்னும் பலவற்றைக் கேட்டாக வேண்டும். ஆனால் அதற்காகத் திறந்து பார்க்கக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். இன்றைய டிஸ்க்குகளில் படிக்கும் தலை தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் வீட்டு அறையில் மூடியைத் திறந்தால் உள்ளே இறங்கும் தூசியின் ஒரு துகளே அந்த இடைவெளியைவிடப் பல மடங்கு பெரியது. குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து எடுத்தால் சரியாகும் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே எடுத்தவுடன் தட்டின் மேல் ஈரம் படியும். அதோடு, நிபுணர்களால் மீட்டிருக்கக் கூடியதையும் இழந்துவிடுவோம்.

என் மேசையில் இருந்த பழைய கணினியை நிறுத்தி, அதன் சாட்டா கேபிளிலும் பவர் கேபிளிலும் அண்ணனுடைய டிஸ்க்கைப் பொருத்தி ஆன் செய்தேன். பயாஸ் திரையிலேயே மாடல் பெயர் வந்தது. விண்டோஸ் திறந்ததும் ஃபோல்டர்கள் ஆண்டு வாரியாக வரிசையாக நின்றன. அண்ணன் எதுவும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நெசவாளர் கேட்ட படத்தை முதலில் தேடி எடுத்து ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். மற்ற எல்லாம் அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். டிஸ்க் நன்றாக இருக்கிறது, ஆகவே புது மதர்போர்டு கோளாறு என்று அடுத்த தீர்ப்பு எழுதப்படும். போர்டைக் கழற்றி வாரண்டிக்கு அனுப்புவார்கள். குற்றம் ஒரு பாகத்திலிருந்து இன்னொரு பாகத்துக்கு இடம் மாறியிருக்குமே தவிர, எதுவும் புரிந்திருக்காது. ஒரு டிஸ்க் ஒரு கணினியில் தெரிகிறது, இன்னொன்றில் தெரியவில்லை என்றால், எந்தப் பாகத்திலும் பழுதே இல்லாமல் அவை சேர்ந்திருக்கும் விதத்திலேயே தடை இருக்கக்கூடும். இந்தச் சாத்தியத்தை நாம் கணக்கில் எடுத்துக்கொள்வது மிகக் குறைவு.

மேனுவலில் இருந்த இரண்டு வரி

புதுக் கணினியின் கேபிளை மாற்றிப் பார்த்தேன். சாட்டா கேபிள்கள் பார்வைக்கு நன்றாக இருந்தும் உள்ளே பழுதாகியிருப்பதும், கூர்மையாக மடக்கியதால் கெட்டுப்போவதும் உண்டு. பலன் இல்லை. கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் வேறொரு பவர் முனையில் மாற்றினேன். அப்போதும் டிஸ்க் சுழன்றது, ஆனால் தெரியவில்லை. இந்தச் சோதனையில் ஓர் எச்சரிக்கை உண்டு. கழற்றி மாட்டக்கூடிய கேபிள்கள் கொண்ட மாடுலர் எஸ்எம்பிஎஸ்களில், ஒன்றின் கேபிளை இன்னொன்றில் செருகவே கூடாது. டிஸ்க் பக்கத்து முனை எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொதுவான வரையறை கிடையாது. உருவத்தில் பொருந்தி உள்ளே போய்விடும், 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 12 வோல்ட் வந்து, நல்ல டிஸ்க்கின் மின்னணுப் பலகை ஒரு நொடியில் எரிந்துவிடும். உயிரோடு இருந்த டிஸ்க்குகள் சோதனை என்ற பெயரில் இப்படித்தான் இறக்கின்றன.

பயாஸுக்குள் போய்ப் பார்த்தபோது சாட்டா போர்ட்டுகளின் பட்டியலில் ஆறும் காலி என்று இருந்தன. டிஸ்க் செருகப்பட்டிருந்தது 5ஆம் எண் போர்ட்டில். கிராபிக்ஸ் கார்டு பெரியது என்பதால் மற்ற போர்ட்டுகளில் பாதி அதன் அடியில் மறைந்திருந்தன. கேபிள் எளிதாகப் போய்ச் சேரக்கூடிய ஓரத்துப் போர்ட்டை அசெம்பிள் செய்தவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். கேபிள்களை அவர் ஒழுங்காகக் கட்டியிருந்த விதத்தைப் பார்த்தால் அக்கறையில்லாதவர் என்று சொல்ல முடியாது. மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியை அண்ணன் பத்திரமாக வைத்திருந்தார். மேனுவல் அதற்குள் உறை பிரிக்கப்படாமல் இருந்தது. சேமிப்பு இணைப்புகளைப் பற்றிய பக்கத்தில், அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி: இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி பொருத்தப்பட்டால் 5, 6 ஆகிய சாட்டா போர்ட்டுகள் இயங்கா.

அந்த இரண்டு வரிக்குப் பின்னால் இருக்கும் காரணம் எளிமையானது. மதர்போர்டில் பாகங்களுக்கிடையே தரவைக் கடத்தும் சில்லான சிப்செட்டிலிருந்து வெளியே வரும் அதிவேகத் தடங்கள் எண்ணிக்கையில் குறைவு. அவற்றில் சில தடங்களை எம்.2 ஸ்லாட்டுக்கும் சாட்டா போர்ட்டுக்கும் பொதுவாக வைத்து, எதில் ஆள் வந்திருக்கிறதோ அதற்குத் திருப்பிவிடும்படி வடிவமைக்கிறார்கள். காட்பாடி சந்திப்பில் ஒரு நடைமேடையில் வண்டி நிற்கும்போது அதே நடைமேடைக்கு இன்னொரு வண்டியை விட மாட்டார்கள், அதே ஏற்பாடுதான். இது எல்லாப் போர்டிலும் ஒரே விதமாக இருப்பதில்லை. சிலவற்றில் எம்.2 ஸ்லாட்டில் சாட்டா வகை எஸ்எஸ்டி போட்டால் மட்டும் ஒரு போர்ட் அடைபடும், சிலவற்றில் எந்த எஸ்எஸ்டி போட்டாலும் இரண்டு அடைபடும், சிலவற்றில் எந்தக் கட்டுப்பாடும் இராது. ஆகையால் ஒரு கணினியில் கற்றதை இன்னொன்றுக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. அந்தந்தப் போர்டின் மேனுவலைத்தான் பார்க்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, கேபிளை 1ஆம் எண் போர்ட்டுக்கு மாற்றி, கார்டைத் திரும்பப் பொருத்தினேன். டிஸ்க் தெரிந்தது.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதைச் சொல்லாமல் கடக்க விரும்பவில்லை. அந்தப் போர்ட் அடைபட்டிருக்கிறது என்பது போர்டுக்குத் தெரியும், அடைத்ததே அதுதான். அப்படியிருக்கும்போது பயாஸ் திரையில் "காலி" என்று எழுதுவது உண்மைக்குப் புறம்பான தகவல். "இரண்டாவது எம்.2 பயன்பாட்டில் இருப்பதால் இந்தப் போர்ட் இயங்காது" என்று ஒரு வரி எழுதியிருந்தால், வேலூர்க் கடையில் இருந்தவர் அரை நிமிடத்தில் கேபிளை மாற்றியிருப்பார். போர்ட்டின் பக்கத்தில் பலகையிலேயே ஒரு குறி அச்சிட்டிருந்தாலும் போதும். அசெம்பிள் செய்பவர்கள் ஒரு நாளில் பல கணினிகளைப் பூட்டுகிறார்கள். ஒவ்வொன்றின் மேனுவலையும் அட்டவணையின் அடிக்குறிப்பு வரை படிப்பார்கள் என்று எதிர்பார்த்து வடிவமைப்பது சரியான வடிவமைப்பு ஆகாது. அதே நேரத்தில், தெரியாத ஒன்றுக்கு "டெட்" என்று பெயர் வைப்பதற்கும் அது நியாயமாகாது. "எங்கள் மேசையில் தெரியவில்லை, ஏன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை, வேறு கணினியில் போட்டுப் பாருங்கள்" என்று சொல்வதில் எந்தக் கடைக்கும் மதிப்பு குறையாது.

வேறு கட்டங்களில் நின்ற டிஸ்க்குகள்

இதற்கு நேர்மாறாக, சுழலவே சுழலாத ஒரு டிஸ்க்கும் உயிரோடு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். ராணிப்பேட்டையில் ஒரு நண்பர் டேட்டா சென்டர்களில் பயன்படுத்தப்படும் பெரிய கொள்ளளவு டிஸ்க் ஒன்றை மலிவாக வாங்கித் தம் கணினியில் பொருத்தினார். அதிர்வும் இல்லை, ஓசையும் இல்லை. காரணம் பவர் இணைப்பின் மூன்றாவது முனையில் இருந்தது. முன்பு அந்த முனை 3.3 வோல்ட் கொண்டுவருவதற்கானது. 2016இல் வந்த சாட்டா 3.3 வரையறை அதை டிஸ்க்கைத் தொலைவிலிருந்து அணைப்பதற்கான முனையாக மாற்றியது. புதிய முறையில் செய்யப்பட்ட டிஸ்க், பழைய எஸ்எம்பிஎஸ் அந்த முனையில் கொடுக்கும் 3.3 வோல்ட்டை "அணைந்திரு" என்ற கட்டளையாக எடுத்துக்கொண்டு கட்டுப்பட்டு நிற்கிறது. அந்த முனையின் மேல் வெப்பம் தாங்கும் காப்பு நாடாவைச் சிறு துண்டாக வெட்டி ஒட்டியதும் சுழலத் தொடங்கியது. மோலெக்ஸ் என்ற பழைய வகை நான்கு முனைப் பவர் இணைப்பிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டரில் 3.3 வோல்ட் வராது என்பதால் அதுவும் ஒரு வழிதான். ஆனால் பிளாஸ்டிக்கை ஒரே வார்ப்பாக ஊற்றிச் செய்த மலிவான அடாப்டர்கள் உள்ளே குறுக்குச்சுற்றாகித் தீப்பற்றிய நிகழ்வுகள் உண்டு என்பதால் அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

எங்கள் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பொறியியல் மாணவர் ஒருவருக்கு நேர்ந்தது இன்னொரு கட்டம். அவருடைய புதுக் கணினியில் எஸ்எஸ்டி பயாஸில் தெளிவாகத் தெரிந்தது. விண்டோஸ் நிறுவும் திரையில் மட்டும் எந்த டிரைவும் இல்லை என்று வந்தது. இன்டெல்லின் 11ஆம் தலைமுறை முதற்கொண்டு பல கணினிகளில் எஸ்எஸ்டிகளை நிர்வகிக்கும் விஎம்டி என்ற அமைப்பு இயக்கப்பட்ட நிலையிலேயே வருகிறது; அதற்குரிய டிரைவர் என்ற துணை மென்பொருள் விண்டோஸ் நிறுவு கோப்பில் இல்லையென்றால் எஸ்எஸ்டி அதன் கண்ணுக்குப் படாது. பென் டிரைவில் அந்த டிரைவரைப் போட்டு "லோட் டிரைவர்" வழியே கொடுத்ததும் தெரிந்துவிட்டது. பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் தெரியும். ஆனால் ஏற்கெனவே அது இயங்கும் நிலையில் விண்டோஸ் நிறுவப்பட்ட கணினியில் அப்படி அணைத்தால், அந்த விண்டோஸ் திறக்காமல் போகும்.

கடைசிக் கட்டத்தில்தான் மிகப் பெரிய இழப்புகள் நிகழ்கின்றன. பயாஸில் தெரிகிறது, "மை கம்ப்யூட்டரில்" தெரியவில்லை என்றால், விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற கருவியைத் திறக்க வேண்டும். அங்கே, புதிதாக வாங்கிய வெறும் டிஸ்க்காக இருந்தால் விண்டோஸ் அதை இனிஷியலைஸ் செய்யச் சொல்லும், அதாவது பார்ட்டிஷன் விவரத்தைப் புதிதாக எழுதச் சொல்லும், செய்துகொள்ளலாம். அப்போது எம்பிஆர், ஜிபிடி என்ற இரண்டு பார்ட்டிஷன் முறைகளில் ஜிபிடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் வழக்கமான டிஸ்க்குகளில் எம்பிஆர் 2 டெராபைட்டுக்கு மேல் எட்டாது. படங்கள் நிறைந்த பழைய டிஸ்க்குக்கு அதே கேள்வி வந்தால், எக்காரணம் கொண்டும் சரி என்று அழுத்தக் கூடாது. "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்ற செய்திக்கும் அப்படியே. டிஸ்க்கை உள்ளே போட்டு வெளியிலிருந்து இணைக்கும் சில யுஎஸ்பி பெட்டிகள், டிஸ்க்கின் செக்டர் (தரவு எழுதப்படும் சிறு கட்டம்) அளவை மாற்றிக் காட்டி எழுதியிருக்கும். அதே டிஸ்க்கை வெளியே எடுத்து நேராகக் கேபினெட்டுக்குள் பொருத்தினால் விண்டோஸுக்கு அது வெறுமையாகத் தோன்றும். படங்கள் உள்ளேயே இருக்கின்றன. மறுபடி அதே பெட்டியில் போட்டால் வந்துவிடும். அவசரத்தில் அழுத்தும் ஒரு பொத்தான்தான் அவற்றை அழிக்கிறது.

அண்ணன் அன்றே கணினியை எடுத்துக்கொண்டு புறப்படத் தயாரானார், நான் விடவில்லை. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைத் திறந்து காட்டினேன். பழுதானதால் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கையும், மாற்றத்துக்குக் காத்திருப்பவற்றின் எண்ணிக்கையும் சுழியமாக இருந்தன. கேபிளில் ஏற்படும் பிழைகளைக் காட்டும் சிஆர்சி எண்ணும் அப்படியே. அடிபட்டது என்று கடையில் சொன்னதற்கு எந்தத் தடயமும் இல்லை. ஆனால் அது ஓடியிருந்த மணிக்கணக்கைப் பார்த்தபோது, இனி அதை மட்டும் நம்பியிருப்பது கூடாது என்பது அவருக்கே விளங்கியது. இன்னொரு 4 டெராபைட் டிஸ்க் வாங்கி வந்தார். அதை 2ஆம் எண் போர்ட்டில் பொருத்தி, எல்லாவற்றையும் நகலெடுக்க விட்டோம். சிறு சிறு கோப்புகளாக இலட்சக்கணக்கில் இருந்ததால் அது இரவு முழுவதும் ஓடியது. நகல் முடிந்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றி, ஸ்டுடியோவில் வைக்காமல் அவருடைய வீட்டு பீரோவில் வைக்கச் சொன்னேன். மாதம் ஒருமுறை கொண்டுவந்து புதிய படங்களை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. மேனுவலின் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து, இயங்காத இரண்டு போர்ட்டுகளையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, கேபினெட்டின் உள்கதவில் ஒட்டியிருக்கிறேன். அடுத்த முறை அதைத் திறப்பவர் யாராக இருந்தாலும் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் கேபிளைத் தொட முடியும்.